வேட்டையில் வல்லவர் யார்? கீச்சானும் உடும்பும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

வேட்டையாடும் உயிரினங்களின் பெயர்களை எழுதுக என்று வினாத்தாளில் கேட்டால் நாம் அனைவரும் சிங்கம், புலி, கழுகு என்று தயங்காமல் எழுதிவிடுவோம். ஏறத்தாழ 40, 50 கிராம் எடையே உள்ள ஒரு குருவியின் பெயரை யாரும் எழுதமாட்டோம். ஆனால் அப்படி ஒரு குருவி நம் ஊர்ப்புறத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் நகரைத் தாண்டி நத்தம் சாலையிலோ வேடசந்தூர் சாலையிலோ சற்றுத் தூரம் சென்றால், மின்கம்பியின் மீதோ கிளுவை வேலியின் உச்சிக் கொம்பிலோ ஒரு பறவை தன்னந்தனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைக் காணலாம். சாம்பல் நிறத் தலை, செம்பழுப்பு முதுகு, வெண்மையான மார்பு, நீண்ட வால். அலகின் அடியிலிருந்து கண் வழியாகக் காது வரை கறுப்புத் துணி கட்டினாற்போல ஒரு பட்டை. பழைய திரைப்படங்களில் வரும் முகமூடிக் கொள்ளைக்காரனை நினைவூட்டும் முகம். இதுவே செம்முதுகுக் கீச்சான். நம் பாட்டிமார் கீச்சாங்குருவி என்பார்கள். (மீன் கடையில் கீச்சான் வேண்டும் என்று கேட்டால் மீன்தான் கிடைக்கும். அது வேறு, இது வேறு!)

இதற்கு ஒரு தம்பி உண்டு. கருஞ்சிவப்பு முதுகுக் கீச்சான் என்பது அதன் பெயர். உருவில் இன்னும் சிறியது, அலகு நுனி முதல் வால் நுனி வரை 18 சென்டிமீட்டர்தான். குளிர்காலத்தில் மட்டும் விருந்தாளியாக வரும் பழுப்புக் கீச்சானும் உண்டு. உலகெங்கும் முப்பதுக்கு மேற்பட்ட கீச்சான் இனங்கள் உள்ளன. விலங்கியல் அறிஞர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இட்டிருக்கும் பேரினப் பெயர் 'லானியஸ்'. இலத்தீன் மொழியில் இதற்குக் கசாப்புக்காரன் என்று பொருள். காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

முதலில் ஒரு வியப்பைச் சொல்லிவிடுகிறேன். கீச்சான் பருந்தின் உறவினன் அன்று. கழுகின் உறவினனும் அன்று. மைனா, சிட்டு, தேன்சிட்டு ஆகியவை அடங்கிய பாடும் பறவைகளின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. (காக்கையும் அக்கூட்டத்தில் ஒன்று என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கூறியபோது வகுப்பே சிரித்தது.) கீச்சானின் வழக்கமான குரல் பெயருக்கு ஏற்றவாறு கரகரப்பான கீச்சுக் குரல்தான். ஆயினும் நல்ல மனநிலையில் இருக்கும்போது மெல்லிய குரலில் நீண்ட நேரம் பாடும். பாட்டின் இடையிடையே பிற பறவைகளின் குரல்களை அப்படியே எடுத்து ஒப்பித்துக் காட்டும். பாட்டுக்காரனாகப் பிறந்து வேட்டைக்காரனாக வாழ்கிறது எனலாம்.

இதனோடு ஒப்பிட நான் எடுத்துக்கொண்டிருப்பது பல்லிக் குலத்தின் மாமன்னன், கொமோடோ உடும்பு. ஆங்கிலத்தில் டிராகன் என்று அச்சமூட்டும் பெயர் சூட்டியிருந்தாலும், அது நம் வயல்வரப்பில் ஓடும் உடும்பின் பேரினத்தைச் சேர்ந்ததுதான். பங்காளி என்று சொன்னால் பிழையில்லை. நம் உடும்பு தலை முதல் வால் நுனி வரை அதிகமாகப் போனால் ஒன்றே முக்கால் மீட்டர். கொமோடோ உடும்போ இரண்டரை மீட்டர் வளரும்; எடை 70 கிலோ இருக்கும். அளந்து பதிவு செய்யப்பட்டவற்றுள் பெரியது 3.13 மீட்டர் நீளமும் 166 கிலோ எடையும் கொண்டிருந்தது. அந்த எடையில் அது விழுங்கி வயிற்றில் வைத்திருந்த இரையும் சேர்ந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தோனேசியாவில் கொமோடோ, ரிஞ்சா, புளோரஸ் முதலிய ஒரு சில தீவுகளில் மட்டுமே இது இயற்கையாக வாழ்கிறது. 1910-ஆம் ஆண்டு டச்சுப் படை அதிகாரி ஒருவர் அங்கே தரைமுதலை இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்று ஒன்றின் தோலை அனுப்பிவைத்தார். 1912-இல் ஜாவாவிலிருந்த விலங்கியல் அருங்காட்சியகத்தின் தலைவரான பீட்டர் ஓவென்ஸ் என்பவர் அதற்கு முறைப்படி பெயரிட்டார். இவ்வளவு பெரிய பிராணி அறிவியல் உலகுக்குத் தெரிந்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது!

எங்கோ இருக்கும் கொமோடோவையும் நம் ஊர் வேலியில் உட்கார்ந்திருக்கும் கீச்சானையும் எதற்காக முடிச்சுப் போடவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வேலியில் காணும் அதே செம்முதுகுக் கீச்சான் இனம் இந்தியாவோடு நின்றுவிடவில்லை. தென்கிழக்காசியா முழுவதும் பரவி, சுமத்ரா, ஜாவா வழியாக, கொமோடோ உடும்பு வாழும் சிறுசுந்தாத் தீவுத் தொகுதியிலும் வாழ்கிறது. ஆக, இவ்விருவரும் முன்பின் அறியாத அயலார் அல்லர். மற்றொரு காரணமும் உண்டு. இவ்விரண்டிலும் வேட்டைக்கு வேண்டிய ஓர் அடிப்படைக் கருவி இல்லை. அந்தக் குறையை ஒவ்வொன்றும் எப்படி ஈடு செய்துகொண்டது என்பதுதான் எனக்குச் சுவையாகப் பட்டது.

கீச்சானிடம் இல்லாதது கால் வலிமை. பருந்து தன் கூரிய நகங்களால் எலியைக் கவ்விப் பிடித்து, காலால் அழுத்திக்கொண்டு அலகால் கிழித்துத் தின்னும். நாம் கறி நறுக்கும்போது ஒரு கை பிடிக்க, மறு கை அரிவதில்லையா? அதுபோல. கீச்சானுக்கோ மற்றப் பாடும் பறவைகளைப் போல மெலிந்த கால்கள். கிளையைப் பற்றி உட்காரத்தான் அவை பயன்படும். அலகு மட்டும் வேட்டைக்காரனின் அலகு. மேல் அலகின் நுனி கொக்கிபோல் கீழே வளைந்திருக்கும். அந்த வளைவுக்குச் சற்றுப் பின்னால் இரு பக்கமும் பல்லைப் போன்ற ஒரு கூர்முனை உண்டு. வல்லூறின் அலகிலும் இப்படியே இருக்கிறது.

வெட்டுக்கிளியைக் கொல்வதற்கு இந்த அலகே போதும். ஆனால் தன் எடைக்குச் சமமான சுண்டெலியை என்ன செய்வது? அமெரிக்கக் கீச்சான் ஒன்றின் வேட்டையை வேகமாகப் படமெடுக்கும் காமிராவில் பதிவு செய்து, 2018-இல் ஆய்வாளர்கள் விடையை வெளியிட்டார்கள். கீச்சான் எலியின் பிடரியைக் கவ்வுகிறது. கவ்வியபின் தன் தலையை இடமும் வலமுமாக உதறுகிறது. ஒரு வினாடிக்குப் பதினொரு முறை என்னும் வேகத்தில் அந்த உதறல் நிகழ்கிறது! எலியின் உடல் ஒரு பக்கமும் தலை மறுபக்கமுமாகச் சுழலும்போது புவியீர்ப்பைப்போல் ஆறு மடங்கு முடுக்கம் அதன் கழுத்தைத் தாக்குகிறது. நின்றுகொண்டிருக்கும் காரின் பின்னால் இன்னொரு கார் மோதினால் உள்ளே இருப்பவரின் கழுத்து வெட்டி இழுபடுமல்லவா? ஏறத்தாழ அதே நிகழ்ச்சிதான் இது. எலியின் எடையையே எலிக்கு எதிரான ஆயுதமாக்கிவிடுகிறது இந்தக் குருவி.

கொன்றாயிற்று. தின்பது எப்படி? பிடித்துக்கொள்ளத்தான் கால் வலிமை இல்லையே! இங்கேதான் நம் வறண்ட பூமியின் முள் வருகிறது. இரையை எடுத்துக்கொண்டு இலந்தை, உடை, கிளுவை போன்ற முள்மரத்திற்குப் பறக்கும். நல்ல நீளமான முள்ளாகப் பார்த்து இரையை அதில் குத்தி இழுக்கும். முள் கிடைக்காவிட்டால் இரு கிளைகள் பிரியும் கவட்டில் செருகும். இரை அசையாமல் மாட்டிக்கொண்டபின் அலகால் துண்டு துண்டாகக் கிழித்துத் தின்னும். பருந்துக்குக் கால் செய்யும் வேலையைக் கீச்சானுக்கு மரம் செய்து கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் கறிக்கடைகளில் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கிறோமே, அதே முறைதான். கசாப்புக்காரன் என்ற பெயர் வந்த காரணம் இப்போது விளங்கியிருக்கும். எல்லாக் கீச்சான்களும் எப்போதும் இப்படிச் செய்வதில்லை. வெட்டுக்கிளி, வண்டு போன்ற சிறிய இரையை அப்படியே விழுங்கிவிடுவதும் உண்டு. குஞ்சுகளுக்கும் இந்தக் கலை பிறந்த அன்றே கைவந்துவிடுவதில்லை. முதலில் முள்ளே இல்லாத கொம்பிலும் இரையை வைத்து வீணாக இழுத்துப் பார்க்கும். பல நாள் பழகிய பின்பே முள்ளைக் குறி பார்த்துக் குத்தக் கற்கும்.

முள் வெறும் கொக்கி மட்டுமன்று, பண்டகசாலையும் ஆகும். மிஞ்சிய இரையை அங்கேயே விட்டுவைத்துப் பிறகு வந்து தின்னும். அமெரிக்காவில் ஒருவகைப் பெரிய வெட்டுக்கிளியின் உடலில் நஞ்சு உண்டு. அங்குள்ள கீச்சான் அதைப் பிடித்து முள்ளில் குத்தி ஓரிரு நாள் விட்டுவிடுகிறது. நஞ்சு தானாகச் சிதைந்த பின்னரே உண்கிறது. (நம் எருக்கஞ்செடிகளில் மஞ்சளும் நீலமுமாக அழகிய வெட்டுக்கிளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கும் நஞ்சுண்டு.) இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைவனத்தில் ரூவன் யோசெப், பெரி பின்ஷோ என்னும் இருவர் செய்து 1989-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அங்கே ஆண் கீச்சான்கள் இனப்பெருக்கக் காலத்துக்கு முன் முள்மரங்களில் இரையைக் குத்திக் குத்திச் சேர்த்து வைக்கின்றன. யாருடைய பண்டகசாலை நிறைந்திருக்கிறதோ அந்த ஆணைப் பெண் பறவை முதலில் தேர்ந்தெடுக்கிறது. ஆய்வாளர்கள் சில ஆண்களின் சேமிப்பைத் தாங்களே கூட்டினார்கள். சிலவற்றின் சேமிப்பை எடுத்துவிட்டார்கள். கூட்டியவற்றுக்கு விரைவில் துணை கிடைத்துக் குஞ்சுகளும் மிகுந்தன. பறிகொடுத்தவை துணையின்றி நின்றன. களஞ்சியம் பார்த்துப் பெண் கொடுப்பது மனிதர்களிடம் மட்டும் உள்ள வழக்கம் அன்று போலும்!

இனி, கொமோடோவைப் பார்ப்போம். அதனிடம் என்ன குறை இருக்கமுடியும் என்று தோன்றும். அதன் தாடைக்குக் கடிக்கும் வலிமை போதாது என்பதே அக்குறை. முதலை போலக் கவ்வி எலும்பை நொறுக்கும் ஆற்றல் அதன் மண்டையோட்டின் அமைப்புக்கு இல்லை. ஆனால் வாயில் ஏறத்தாழ அறுபது பற்கள். ஒவ்வொன்றும் பின்னோக்கி வளைந்தது. ஒவ்வொன்றின் விளிம்பும் ரம்பம் போலப் பற்பற்களாக அமைந்தது. அந்த ரம்ப விளிம்பில் இரும்புச் சத்து செறிந்து செம்மஞ்சளாக இருக்கிறது என்பதை 2024-இல் கண்டறிந்திருக்கிறார்கள். மானையோ காட்டுப்பன்றியையோ கவ்வியவுடன் கொமோடோ அழுத்திக் கடிப்பதில்லை. கால்களை ஊன்றி முழு உடலையும் பின்னுக்கு இழுக்கிறது. தசை கிழிந்து வருகிறது. இரம்பத்தால் மரம் அறுப்பவர் அழுத்துவதைவிட இழுப்பதில்தான் வலிமையைக் காட்டுவார், அல்லவா?

இதன் எச்சிலைப் பற்றி ஒரு செய்தியை நாம் பல புத்தகங்களில் படித்திருக்கிறோம். கொமோடோவின் வாய் அழுக்கானது, அதிலுள்ள கிருமிகளால்தான் கடிபட்ட விலங்கு இறக்கிறது என்பது அச்செய்தி. இன்றும் பொது அறிவு நூல்களில் அப்படியே அச்சாகிறது. இது சரியன்று. 2009-இல் பிரையன் ஃபிரை என்னும் அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும் கொமோடோவின் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்த நஞ்சு குருதி உறைவதைத் தடுக்கிறது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. 2013-இல் அதன் வாயிலுள்ள கிருமிகளை ஆராய்ந்தபோது மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருப்பவற்றைவிட மோசமாக எதுவும் இல்லை. இரை தின்றபின் நாக்கால் வாயைச் சுத்தமாக நக்கித் துடைத்துக்கொள்ளும் பிராணியாம் அது. எங்கள் வீட்டுத் தம்பிகளைவிடச் சுத்தம் என்று எழுத ஆசைதான்! இரை இறப்பதில் நஞ்சின் பங்கு எவ்வளவு, பற்கள் செய்யும் காயத்தின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

இரையைத் தின்பதிலும் அது கீச்சானுக்கு நேர் எதிர். கீச்சான் மாட்டித் தொங்கவிட்டுத் துண்டு போடும். கொமோடோ ஆட்டின் அளவுள்ள விலங்கை முழுதாக விழுங்க முயலும். விழுங்கும்போது மூச்சடைக்காமல் இருக்க, நாக்கின் அடியில் மூச்சுக்குழலின் வாய் தனியே திறந்திருக்கிறது. இரை தொண்டைக்குள் இறங்க மறுத்தால் அதை ஒரு மரத்தில் முட்டி உள்ளே தள்ளும். கீச்சானைப் போலவே இதற்கும் மரத்தின் உதவி வேண்டியிருப்பதைக் கவனியுங்கள்! இன்னொரு ஒற்றுமையும் உண்டு. செரிக்காத எலும்பு, மயிர், வண்டின் ஓடு முதலியவற்றைக் கீச்சான் ஒரு சிறு உருண்டையாக வாய்வழியே கக்கிவிடும். கொமோடோவும் கொம்பு, மயிர், பல் ஆகியவற்றைப் பெரிய உருண்டையாகக் கக்குகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். கீச்சானின் எடையை 50 கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், 70 கிலோ கொமோடோ ஒன்றுக்கு 1,400 கீச்சான்கள் சமம். ஆனால் கீச்சான் தன் எடைக்குச் சமமான எலியைத் தன்னந்தனியாகக் கொல்கிறது. கொமோடோ ஒரே வேளையில் தன் எடையில் 80 விழுக்காடு வரை தின்னக்கூடியது. அதாவது 56 கிலோ! இந்த விருந்தில் கீச்சான் போட்டியிட முடியாது. அதே சமயம், அப்படித் தின்றுவிட்டால் கொமோடோ பல நாள் வெயிலில் படுத்துக்கிடக்கும். ஆண்டுக்கு ஒரு டஜன் முறை வயிறார உண்டாலும் அதற்குப் போதும் என்கிறார்கள். கீச்சானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு நாள் பட்டினி என்றாலே அதன் பாடு திண்டாட்டம்.

ஏன் இந்த வேறுபாடு? என் மனத்தில் இவ்வொப்பீட்டின் நடுநாயகமாக நிற்பது இதுதான். பறவை வெப்ப இரத்தப் பிராணி. அதன் உடல் இரவும் பகலும் அணையாமல் எரியும் விறகடுப்பு. விறகு போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அடுப்பு சிறியதானால் சூடும் விரைவில் ஆறிவிடும். ஆகவே இன்னும் அதிகமாக விறகு வேண்டும். உடும்பு குளிர் இரத்தப் பிராணி. அதற்குச் சூடு தருவது கதிரவன். காலையில் பாறை மேல் படுத்து வெயில் காய்ந்தால் அன்றைய வேலைக்கான சூடு இலவசமாகக் கிடைத்துவிடும். அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய உணவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருந்தால் ஊர்வனவற்றின் காலம் ஓடிவிடும். எனவேதான் கொமோடோ பாதையோரம் மணிக்கணக்காகப் பதுங்கிக் காத்திருக்கிறது. எனவேதான் கீச்சான் ஓயாமல் பறந்து பிடித்து, மிஞ்சியதை முள்ளில் சேமிக்கிறது. ஒன்றின் பொறுமைக்கும் மற்றொன்றின் சேமிப்புக்கும் மூலகாரணம் அடுப்புதான்.

வல்லவர் யார் என்று என்னைக் கேட்டால் என் வாக்கு கீச்சானுக்கே. காரணம், தன் உடலில் இல்லாத கருவியை வெளியில் தேடிக்கொண்டது அது. கொமோடோவுக்குப் பல்லும் நகமும் நஞ்சும் பிறப்பிலேயே கிடைத்தவை. என் பக்கத்து இருக்கைத் தோழி இதை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மீட்டர் நீளத்துக்கு எதிரே குருவியாவது, முள்ளாவது என்கிறாள். விட்டுவிட்டேன்.

இக்கட்டுரையின் முதல் படியைப் படித்த ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "ஐயோ அக்கா, முள்ளில் குத்தி வைக்குதா? எவ்வளவு கொடூரம்!" என்றாள். கொடூரம் என்று சொல்ல வேண்டுமானால் துன்புறுத்தும் எண்ணம் இருக்கவேண்டும். பெரும்பாலும் இரையை முதலில் கொன்ற பிறகே கீச்சான் முள்ளுக்குக் கொண்டுபோகிறது. அங்கே அது செய்வது நம் வீட்டில் அரிவாள்மனை செய்யும் வேலை. அதன் கூட்டில் வாய் திறந்து காத்திருக்கும் குஞ்சுகளைப் பார்த்தால் அந்தத் தங்கையே தன் தீர்ப்பை மாற்றிக்கொள்வாள்.

இதுவரை கடல் கடந்த உடும்பைப் பேசியாயிற்று. பெற்றோர்களும் இவ்விதழைப் படிப்பார்கள் என்பதால் நம் சொந்த உடும்பைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். இந்தியாவில் நான்கு வகை உடும்புகள் உள்ளன. நம் சமவெளியில் காண்பது சாதாரண உடும்பு. வண்டு, நத்தை, நண்டு, தேள், எலி, பறவை முட்டை, செத்த பிராணி என எதையும் ஒதுக்காது. ஆகவே வயலுக்கு அது சம்பளம் வாங்காத காவலாள். பொந்தினுள் புகுந்துவிட்டால் உடலை உப்பவைத்து நகங்களை ஊன்றிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் வராது. 'உடும்புப் பிடி' என்னும் வழக்கு இதனால் வந்ததே.

நம் மலைக்கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் சிலர் உடும்பின் இடுப்பில் கயிறு கட்டிக் கோட்டை ஏறிய கதையைச் சொல்வார்கள். 1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி சிங்ககட் கோட்டையை அப்படித்தான் ஏறினார் என்பது மராட்டிய நாட்டில் பெயர் பெற்ற கதை. ஏழு கிலோ எடைகூடத் தேறாத உடும்பு அறுபது கிலோ வீரனைத் தாங்கியிருக்குமா என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கஞ்சிரா கதையன்று. கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் சிறு தட்டுப்போல் ஒலிக்கும் கஞ்சிராவின் முகத்தில் போர்த்தியது உடும்பின் தோல். நமக்கு அடுத்துள்ள புதுக்கோட்டைச் சீமையின் மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிப் புகழ் பெற்றார். இன்று செயற்கைத் தோல் போர்த்திய கஞ்சிராக்களும் கிடைக்கின்றன. அதன் நாதம் உடும்புத் தோலுக்கு ஈடாகாது என்று வித்துவான்கள் சொல்லலாம். அந்த நாதத்துக்காக ஓர் உயிர் வேண்டுமா என்பதே என் கேள்வி.

இசையைவிடப் பெரிய ஆபத்து சமையலறையிலிருந்தும் மருந்துப் புட்டியிலிருந்தும் வருகிறது. என் தாத்தா சிறுவனாக இருந்தபோது கிராமத்தில் உடும்புக் கறி உண்டதைச் சுவையோடு சொல்லுவார். அக்காலத்தில் தடை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு இன்று புலி, யானை ஆகியவற்றோடு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்தாலோ கொன்றாலோ விற்றாலோ மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்படியிருந்தும் மூட்டுவலிக்கு நல்லது, இடுப்புக்கு நல்லது என்று சொல்லி மறைவாக எண்ணெயும் கறியும் கைமாறுகின்றன. இவற்றால் எந்த வலியும் தீரும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. உடும்பின் உறுப்பு ஒன்றை உலர்த்தி, 'ஹத்தா ஜோடி' என்னும் அபூர்வ வேர் என்று பூசைப் பொருளாக விற்கும் மோசடியும் 2017-இல் வெளிச்சத்துக்கு வந்தது. கொமோடோவுக்கு 1980-இல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 1991-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆனாலும் 2021-இல் அவ்வினம் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வளவு காவல் உள்ள பெரிய உடும்புக்கே அந்த நிலை என்றால், மண்வெட்டியும் நாயுமாக விரட்டப்படும் சிறியதன் கதி என்ன?

கீச்சானை யாரும் துரத்திப் பிடிப்பதில்லை. அதன் தொல்லை வேறு விதமானது. அதற்கு வேண்டியது முள்ளும், இடையிடையே வெட்டவெளியும், வெட்டுக்கிளியும். இந்த மூன்றும் ஒருசேர உள்ள நிலத்தை நாம் தரிசு என்கிறோம்; மனையடி போடத் தகுந்த இடம் என்கிறோம். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுற்றுச்சுவர் எழுப்பினால் வீடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் கீச்சான் தன் இரையைச் சுவரில் எங்கே மாட்டும்? கம்பிவேலியின் முள்ளையும் அது பயன்படுத்திக்கொள்ளும் என்பது ஓர் ஆறுதல். சீமைக் கருவேலத்தை அகற்றவேண்டும் என்று பொக்லைன் கொண்டுவருவதை நான் குறை கூறவில்லை. அதோடு அதோடாக நம் இலந்தையையும் வெள்வேலையும் உடையையும் ஒரே வாரலில் வாரிவிடுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

முட்புதர்க் காட்டுக்கும் மதிப்பு உண்டு என்பதை அரசு ஏற்ற செய்தி ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் கரூர், திண்டுக்கல் ஆகிய இரு மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. நம் வேடசந்தூர், நத்தம், திண்டுக்கல் கிழக்கு வட்டங்களின் பகுதிகள் அதில் அடங்கும். அறிவிப்பில் இருக்கும் பெயர் தேவாங்கினுடையது. ஆனால் தேவாங்குக்காக நிற்கும் புதரில் உடும்பும் கரையான் புற்றைத் தோண்டி முட்டையிடும். புற்றுக்குள் ஈரமும் வெப்பமும் பெரிதாக மாறாமல் இருப்பதால், தாய் அடைகாக்காமலே பல மாதம் அம்முட்டைகள் பத்திரமாக இருக்கும்.

செப்டம்பர் மாதத்தில் பழுப்புக் கீச்சான்கள் வந்து சேரத் தொடங்கும். சைபீரியா போன்ற வடகிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து இந்தச் சின்னஞ்சிறு உடலோடு பறந்து வருபவை அவை. ஒவ்வொன்றும் ஒரு புதரைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, மாலை வேளையில் கரகரவென்று கத்தி மற்றவற்றை விரட்டும். ஏப்ரல் வரை இருக்கும். பள்ளிப் பேருந்தில் வரும் தோழிகள் சன்னல் ஓரம் உட்கார்ந்தால் எளிதில் காணலாம். மின்கம்பியில் தனியாக, தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும் குருவியைத் தேடுங்கள். கூட்டமாக இருந்தால் அது கீச்சான் அன்று. அது தாழப் பறந்து இறங்கி மீண்டும் மேலேறி ஒரு முள்மரத்தில் மறைந்தால், அந்த மரத்தை நன்றாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பறவை அகன்றபின் முட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எங்காவது ஒரு வெட்டுக்கிளியோ சிறு ஓணானோ மாட்டியிருக்கக்கூடும். எடுத்து எறிந்துவிடாதீர்கள், அது யாருடைய இராச்சாப்பாடு என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.